கோணச்சடை

“நிறை! ஏய் நிறை! சீக்கிரம் வாடி, செத்துரும் போலருக்கு!”

செருப்பைக்கூடக் கழற்றாமல் தனக்கொடி அத்தை வீட்டுக்குள் ஓடினேன். கையில் அம்மாவின் தூக்குவாளி. மூடி சரியாக மூடவில்லை. வழியெல்லாம் தண்ணீர் சிந்திப் பாவாடை நனைந்திருந்தது. வாளிக்குள்ளே அது முட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

“நிறைமதி!”

அறையிலிருந்து ஒரு குழந்தை வந்தது. ஆறு வயது இருக்கும். முன்பல் இல்லை. கையில் பாதி தின்ற முறுக்கு.

“என்னக்கா?”

“நிறைமதி எங்க பாப்பா?”

“நாந்தான்.”

“நீயில்ல. பெரிய நிறைமதி. நீ யாரு, விருந்துக்கு வந்திருக்கியா?”

குழந்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. “அம்மா! அகல்யாக்கா வெளாடுது!”

அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். “செருப்பக் கழட்டுடி. இப்பத்தான் தொடச்சேன்.” என் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறிவிட்டது. “என்னாச்சு?”

அத்தைக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தனத் துருவல் மாலை. சின்ன மின்விளக்கு. மாலைக்குள் நிறை மூன்றாம் வகுப்பு அடையாள அட்டைக்கு எடுத்த போட்டோ. கழுத்துப்பட்டை கோணலாக இருந்தது. அன்று அதைக் கட்டிவிட்டது நான்தான்.

நேற்று சாயங்காலம் அவள் என் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்தாள். ப்ளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தால் என் முதுகில் தாளம் போட்டுக்கொண்டே வந்தாள். பதினாறு வயது. என்னைவிட நாலு விரல் உயரம். அவளுக்கு எப்படி எட்டு வயதில் மாலை போட்டார்கள்?

இப்போது வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள். இதை யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்கே நம்பிக்கை போய்விடும் என்று பயமாக இருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

*

எங்கள் ஊர் அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில். கடல் இங்கிருந்து வெகுதூரம். ஆனால் ஊருக்குப் பின்னால் இருக்கும் ஓடைகளில் ஒரு மழை பெய்தால் போதும், சிப்பியும் சங்குமாகக் கிளம்பி வரும். எல்லாம் கல். பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் இங்கே ஒரு கடல் இருந்ததாம். அதன் அடியில் படிந்ததைத்தான் சிமெண்டுக்காக இப்போது வெட்டுகிறார்கள். கிடைக்கிற கல்லிலேயே அழகானது சுருள்கல். சுருட்டி வைத்த மாட்டுக்கொம்பு போல இருக்கும். பாடப்புத்தகத்தில் அதற்கு அம்மோனைட் என்று பெயர்.

மழை விட்ட மறுநாள் நானும் நிறைமதியும் ஓடையில்தான் இருப்போம். வெள்ளையும் சிவப்புமாக மண்மேடுகள், நடுநடுவே கண்ணாடிக்கல் மினுங்கும். ஈர மண்ணில் குனிந்தபடியே நடப்போம். சந்தேகமாக ஒரு கல் கிடைத்தால் நிறை அதை நாக்கால் நக்கிப் பார்ப்பாள். நனைந்தால் வரி தெரியும்.

“உப்புக் கரிக்குதுடி” என்பாள். “கடலு இன்னும் காயல.”

“பொய்.”

“நக்கிப் பாரு.”

நக்கிப் பார்த்தால் மண்தான் கரிக்கும். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். ஒவ்வொரு முறையும் நான் ஏமாந்தேன். இப்போது நினைத்தால் வேண்டுமென்றேதான் ஏமாந்தேன் போலிருக்கிறது.

எனக்கு அவள் வைத்த பெயர் நத்தை. நான் ஒவ்வொரு கல்லாகப் பார்த்துப் பார்த்து நடப்பேன், அவள் ஓடுவாள். ஓடைத் தலைப்பில் மழை அரித்து அரித்து ஒரு குடைவு உண்டாகியிருந்தது. யார் முதலில் அங்கே போய் உட்காருவது என்று தினமும் போட்டி. தினமும் அவள்தான் ஜெயிப்பாள்.

எங்களுக்கு எட்டு வயது நடந்தபோது ஒருநாள், வழக்கம்போல அவள் முன்னால் ஓடினாள். பாதி வழியில் கால் தட்டிக் குப்புற விழுந்தாள். பெருவிரல் நகம் பெயர்ந்து ரத்தம். ஆனால் அவள் அழவில்லை. தட்டிய கல்லைப் பார்த்துவிட்டாள்.

“நத்தை! இங்க வா! முழுசுடி, முழுசு!”

காம்பஸ் முள்ளால் சுற்றிலும் தோண்டினோம். உள்ளங்கை அளவுக்கு ஒரு சுருள்கல். மேலே வரிவரியாக அழகான மடிப்பு. ஆனால் ஓரிடத்தில் மட்டும் அந்த வரிகள் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மறுபடியும் நேராகியிருந்தன. அவசரத்தில் பின்னிய சடை மாதிரி. உயிரோடு இருந்தபோது ஏதோ நண்டு கடித்து, ஓடு உடைந்து, பிறகு ஆறி வளர்ந்த வடு என்று ஓடைக்குச் சுத்தியலோடு வந்த ஒரு கல்லூரி அண்ணன் அப்புறம் சொன்னார். நாங்கள் அதற்குக் கோணச்சடை என்று பெயர் வைத்தோம்.

தோண்டிக்கொண்டிருக்கும்போதே முன்னால் ‘தொப்’பென்று ஒரு சத்தம். புழுதி எங்கள் முகத்தில் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் குடைவு இல்லை. மேலே இருந்த மேடு அப்படியே உட்கார்ந்திருந்தது.

கல் தட்டியிராவிட்டால் அவள் அந்தக் குடைவுக்குள் உட்கார்ந்திருப்பாள். அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் ஓடைக்கு விடமாட்டார்கள். கோணச்சடை ஒரு மாதம் அவள் வீட்டில், ஒரு மாதம் என் வீட்டில் என்று எட்டு வருஷம் மாறி மாறி இருந்தது. போன வாரம்கூட என் அலமாரியில்தான் இருந்தது.

*

மடை வந்து மூன்று வருஷம் ஆகிறது.

கம்பெனி அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. எங்கள் ஊரில் மடை என்றுதான் சொல்வோம், ஏரி மடை மாதிரி. திறந்தால் இந்தப் பக்கம் தண்ணீர் வருகிறது. வருவது அந்தப் பழைய கடலிலிருந்து. எப்படி என்று எனக்குத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் வந்து விளக்கிய அதிகாரிக்கும் தெரிந்த மாதிரி இல்லை. மடைக்கு வெளியே மதிலோரம் ஊர்க்காரர்கள் சாயங்காலம் போய் உட்காருவார்கள். கடலே இல்லாத ஊரில் கடல்காற்று வீசும். வயதானவர்கள் வேளாங்கண்ணி போய்வந்த கதையெல்லாம் பேசுவார்கள்.

தண்ணீரோடு வருகிற சுருளிகளைப் பிடிப்பதுதான் வேலை. கல்லாகாத, உயிரோடு இருக்கிற சுருளிகள். பெரிய வீடுகளில் கண்ணாடித் தொட்டிக்குப் போகின்றன. சென்னையில் ஒரு ஹோட்டலில் வறுவலே போடுகிறார்களாம். அம்மா அங்கே தரம் பிரிக்கிறாள். அம்மாவுக்கு முடியாத நாளில் நான் அவள் அட்டையை மாட்டிக்கொண்டு போவேன். எல்லா வீட்டிலும் நடப்பதுதான், மேஸ்திரியும் கண்டுகொள்ளமாட்டார். வேலை நடந்தால் சரி.

இன்று அம்மாவுக்குக் காய்ச்சல். நான் போனேன்.

முழங்கை வரைக்கும் கையுறை போடாமல் யாரும் தண்ணீர்ப் பக்கம் போகக்கூடாது. கிருமி என்பார்கள். அம்மாவின் கையுறையில் கட்டைவிரல் பக்கம் ஒரு கிழிசல். மாற்றிக் கேட்டால் யார் நீ, அட்டையைக் காட்டு என்பார்கள். அப்படியே போட்டுக்கொண்டேன்.

வலை வந்தது. கூடை நிறையச் சுருளிகள். ஓட்டில் தேன்நிறத்தில் பட்டை, வாயில் பத்து விரல்களைப் போல மெல்லிய கைகள், பக்கத்துக்கு ஒரு கண். ஒன்றை எடுத்துத் திருப்பினேன்.

வரிகள் ஓரிடத்தில் சாய்ந்து, ஒன்றின்மேல் ஒன்று ஏறி, மறுபடியும் நேராகியிருந்தன.

எட்டு வருஷமாக விரலால் தடவிப் பழகிய இடம். கண்ணை மூடிக்கொண்டு தடவினேன். அதேதான். கல்லில் வடுவுக்கு அப்புறம் ஒரு விரற்கடை கூடுதலாக வளர்ந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தக் கொஞ்ச நாள் மட்டும்தான் அது இனிமேல் வாழப்போகிறது.

அப்போது எனக்குச் சந்தோஷம் தவிர வேறெதுவும் தோன்றவில்லை. நிறையிடம் காட்டவேண்டும். கோணச்சடை உயிரோடு இருக்கிறது, கண்ணைச் சிமிட்டுகிறது என்று காட்டவேண்டும். அவள் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்தேன். சோற்றைக் கொட்டிவிட்டுத் தூக்குவாளியில் அந்தத் தண்ணீரையே நிரப்பி உள்ளே விட்டேன். கட்டைவிரல் சில்லென்று நனைந்தது.

முறை முடிந்து மடையை மூடினார்கள். தலை ஒருமுறை கிறுகிறுத்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

*

அத்தை என்னைப் பாயில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

“அத்த, நிறைக்கு என்னாச்சு?”

“என்னடி புதுசா கேக்குற?”

“சொல்லுங்கத்த. ஒருதடவ.”

அத்தை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். நிறைய தடவை சொல்லிப் பழகியவள் மாதிரி அமைதியாகச் சொன்னாள். “அந்த ஓடைக் குடைவுதான். அவ முன்னாடி ஓடி உள்ள உக்காந்துட்டா. நீ பின்னாடி மெதுவா போயிருக்க. மேடு வுழுந்துருச்சு. நீதான ஓடியாந்து சொன்ன. ரெண்டு நாளு உனக்குப் பேச்சே வரல.”

“கால்ல கல்லு தட்டலயா?”

“என்ன கல்லு?”

குழந்தை வந்து என் மடியில் சாய்ந்துகொண்டது, அது அதனுடைய இடம் என்பதுபோல.

“குடும்பக்கட்டுப்பாடு ஆபரேசன் பண்ணிருந்தேன்ல” என்றாள் அத்தை, குழந்தையின் தலையைக் கோதியபடி. “அவ போனதுக்கப்புறம் உங்க மாமாதான் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயி, அதப் பிரிச்சி, மறுபடியும் சேத்து வச்சாங்க. டாக்டரம்மா உறுதியில்லன்னுதான் சொன்னாங்க. ரெண்டு வருசம் கழிச்சி இவ வந்தா. அந்தப் பேரையே வச்சிட்டோம். மதின்னு கூப்புடுறோம். எனக்கு நிறைன்னு கூப்புட வாய் வரல.”

வீட்டுக்கு ஓடினேன். அலமாரியில் கோணச்சடை இருந்த இடத்தில் டப்பா. டப்பாவில் ஹேர்பின். போனைத் திறந்து பார்த்தேன். பள்ளிக்கூட ஆண்டுவிழா, நான் மட்டும். கங்கைகொண்ட சோழபுரம் சுற்றுலா, நான் மட்டும், பக்கத்தில் ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு இடம்கூட இல்லை. நிறையப் படங்களில் மதி என் இடுப்பில் இருந்தது.

“ஏம்மா, என் கல்லெல்லாம் எங்க?”

அம்மா போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். “கல்லா? நீ எட்டு வயசுலேர்ந்து கல்லே தொடமாட்டியேடி. ஓடைப் பக்கம் போன்னாலே ஓன்னு அழுவ.”

*

லாசர் அண்ணன் மடையில் பம்பு ஓட்டுகிறவர். முப்பது, முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. யாரோடும் அதிகம் பேசமாட்டார், ஆனால் அம்மாவுக்கு வேண்டியவர். அவர் மட்டும் கையுறை போடாமல் தண்ணீரில் கைவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மடைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

“அண்ணே” என்று போய் நின்றேன்.

அவர் என் கையைப் பார்த்தார். “கையுறை போட்டியா?”

“கிழிஞ்சிருந்துச்சு.”

டீயைக் கீழே வைத்தார். “யாரு போனது?”

“என்னண்ணே?”

“யாரோ போயிருக்காங்க. இல்லன்னா இந்த மூஞ்சியோட இங்க வந்து நிக்கமாட்ட.”

அப்போதுதான் அழுதேன். கடைக்காரர் திரும்பிப் பார்த்தார். அண்ணன் என்னைப் பம்பு ஷெட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்தக் கடல்ல கோடிக்கணக்குல சுருளி செத்துச்சு பாப்பா” என்றார் கடைசியில். “எல்லாம் கரைஞ்சி போச்சு. கோடியில ஒண்ணுதான் கல்லாச்சு. கரையப்போறத நாம எடுத்தா யாருக்கும் ஒண்ணும் ஆவாது. கல்லாவப்போறத எடுத்தா, அந்தக் கல்லு எப்பவுமே இல்லாமப் போயிரும். அந்தக் கல்லால நடந்தது எல்லாம் சேந்து போயிரும். மடைய மூடுறப்ப இந்தப் பக்கம் எல்லாம் அதுக்கேத்தாப்புல மாறிக்கும். மனுசங்க மனசும் மாறிக்கும். அதனால அழுவ ஆளே இருக்காது.”

“எனக்கு மாறலயே?”

“அந்தத் தண்ணி பட்டவனுக்கு மட்டும் மாறாது. ஏன்னு கேக்காத.”

“கம்பெனிக்குத் தெரியுமா?”

“தெரியாமயா கையுறை குடுத்தான்?”

“ஒரு ஆளே இல்லாமப் போவும்னு தெரிஞ்சேவா?”

“கோடியில ஒண்ணுதானன்னு சொல்லுவாங்க. கணக்குப்படி சரிதான்.” அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். “எனக்குப் பொண்டாட்டி இருந்துச்சு. தெரியுமா உனக்கு?”

தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாது.

“பிலோமினா. காலேஜ்காரங்களுக்குக் கல்லு பொறுக்கிக் குடுக்குற வேலை எனக்கு அப்ப. பஸ்ல போறேன், பையிலேர்ந்து ஒரு சுருள்கல்லு உருண்டு அவ கால்ல வுழுந்துச்சு. திட்டுனா பாரு, எம் பரம்பரையவே இழுத்துப்புட்டா. அதுலதான் ஆரம்பம்.” லேசாகச் சிரித்தார். “மடை வந்த மொத வருசம். ஒருநாள் வேலை முடிஞ்சி வீட்டுக்குப் போறேன், வீட்டுல வேற யாரோ குடியிருக்காங்க.”

“அவங்க... எறந்துட்டாங்களா?”

“சேச்சே. நல்லாருக்கா. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுகிட்ட தையக்கடை. புருசன், ஒரு பையன். நான் சட்டைக்குப் பட்டன் வைக்கக் குடுப்பேன். வாங்கண்ணேன்னு கூப்புடுவா. ஒங்க சட்டையில மட்டும் எப்டிண்ணே மாசாமாசம் பட்டன் பிச்சிக்குதுன்னு கேட்டா போனதடவ.”

நான் அவர் சட்டைப் பட்டனைப் பார்த்தேன்.

“நீங்க ஏண்ணே அதத் திருப்பி விடல?”

“எத வுட? வலைக்கு ஒரு கூடை வருது. எந்தச் சுருளி எந்தக் கல்லுன்னு எவனுக்குத் தெரியும்? அது வறுவலாவே போயிருக்கும்.” என் தோளைத் தொட்டார். “உனக்குத் தெரியுது பாரு. மூணு வருசத்துல எடுத்தது எதுன்னு தெரிஞ்ச ஒரே ஆளு நீதான். உசுரோட இருக்கா?”

“இருக்கு.”

“திருப்பி வுட்டா கல்லு திரும்ப வரும். மடை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அவங்களே ஒண்ணுக்கு அடையாளம் வச்சிச் சோதிச்சிப் பாத்தாங்க, நான் கூட இருந்தேன். காலையில மடை தொறந்ததும் வா. பம்புக்குழி வழியா நான் உள்ள வுடுறேன். மத்தியானம் மடைய வேற காலத்துக்குத் திருப்பப்போறாங்க, அப்புறம் அந்தக் கடலு கெடைக்காது.”

நிறை திரும்பி வருவாள். நாளைக்கே சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து முதுகில் தாளம் போடுவாள். நான் நடந்ததையெல்லாம் சொல்வேன், அவள் பொய் என்பாள், நக்கிப் பாரு என்பேன்.

கிளம்பித் திரும்பி, நாலடி போயிருப்பேன். நின்றுவிட்டேன்.

“அண்ணே. அத்தைக்கு இன்னொரு கொழந்த இருக்கு. நிறை போனதுக்கப்புறம் ஆபரேசன மாத்திப் பெத்தது. நிறை வந்துட்டா அது பொறந்தே இருக்காதே.”

அவர் குனிந்து பம்பின் வால்வைத் தேவையில்லாமல் ஒருமுறை இறுக்கினார்.

“என்ன வயசு?”

“ஆறு.”

“என்கிட்ட கேக்காத பாப்பா” என்றார். “நான் கதவத் தொறந்து வுடுவேன். அதுக்குமேல என்னால முடியாது.”

*

அத்தைக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. ராத்திரி முறை வரும் நாட்களில் மதி எங்கள் வீட்டில்தான் தூங்குமாம். இன்று அந்த முறை. அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

தலையணையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றது. அதைப் பார்க்கவே கூடாது என்று முதலில் நினைத்தேன். நிறையின் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்ட ஆள் என்று மனதுக்குள் திட்டிப் பார்த்தேன். ஆனால் அது நேராக வந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, சீப்பை நீட்டியது.

“இன்னைக்கு ரெட்டைச்சடை.”

“நானா பின்னுவேன்?”

“வேற யாரு பின்னுவா? அம்மா பின்னுனா வலிக்கும்.”

பின்னினேன். என் கைக்குத் தெரிந்திருந்தது. அந்த முடியின் சுழி எங்கே இருக்கிறது, எங்கே இழுத்தால் வலிக்கும் என்று விரல்கள் தாங்களாகவே போயின. மனதில் இல்லாதது கையில் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

“நேத்து வுட்ட கதைய சொல்லு.”

“எதுல விட்டேன்?”

“மறந்துட்டியா? அந்த ராசாப்பொண்ணு கெணத்துக்குள்ள எறங்குனா. உள்ள ஒரு ஊரு. அங்க எல்லாருக்கும் அவ பேருதான்.”

அந்தக் கதையை நான் எப்போது சொன்னேன்? சொன்ன அகல்யா யார்? குடைவு விழுந்ததைப் பார்த்து, பேச்சு போய், கல்லைத் தொடாமல் வளர்ந்து, இந்தக் குழந்தை பிறந்ததும் அதை விடாமல் இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்த ஒருத்தி. நாளைக்கு நான் மடைக்குப் போனால் அவளும் இல்லாமல் போவாள். அவளுக்கு என்னைவிட இந்தக் குழந்தை மேல் உரிமை அதிகம்.

“அப்புறம் என்னாச்சுன்னு நீ சொல்லு” என்றேன்.

அது சொன்னது. கிணற்று ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களாம், அதனால் அங்கே யாரும் யாரையும் கூப்பிடுவதில்லையாம். நிறைக்கும் இப்படித்தான், கதையை எங்கேயாவது கோணலாகத் திருப்பிவிடத் தெரியும். ஆனால் நிறை சிரித்துக்கொண்டே திருப்புவாள். மதி முகத்தை இவ்வளவு தீவிரமாக வைத்துக்கொள்கிறது. இரண்டும் ஒன்று இல்லை. ஒன்றுக்கு ஒன்று ஈடும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

தூக்குவாளியிலிருந்து சுருளியைக் குளியலறை வாளிக்கு மாற்றி வைத்திருந்தேன். மதி அதைக் கண்டுபிடித்துவிட்டது. நான் போய்ப் பார்ப்பதற்குள் வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டிருந்தது. சுருளியின் மெல்லிய கைகள் அதன் சுண்டுவிரலைப் பிடித்திருந்தன.

“தொடாத! கைய எடு!”

“கடிக்கலக்கா. கூச்சமாருக்கு.”

தண்ணீர் பட்டவர்களுக்கு மனது மாறாது என்றார் லாசர் அண்ணன். தண்ணீர் பட்ட ஆள் இல்லாமல் போகாமல் தப்புமா என்று நான் அவரிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவருக்குத் தெரிந்திருக்காது.

சுருளி முன்னைப்போல் முட்டவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தது. கண் மட்டும் திறந்திருந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. காலைக்குமேல் தாங்காது.

“இது எங்கேர்ந்துக்கா வந்துச்சு?”

“கடல்லேர்ந்து. நம்ம ஊருலயே இருந்த கடல்.”

“அதோட அம்மா தேடாதா?”

“தெரியல மதி.”

“தேடும்” என்றது உறுதியாக. “எங்கம்மா அந்தப் போட்டோ அக்காவத் தேடுதுல்ல, ராத்திரில எந்திரிச்சி? நான் தூங்குறேன்னு நெனச்சிக்கும். நான் பாப்பேன்.”

நான் மதியின் கையைத் துடைத்துவிட்டேன். ஒவ்வொரு விரலாக. சுண்டுவிரலில் சின்னச் சின்னதாகச் சிவப்புப் புள்ளிகள், சுருளி பிடித்திருந்த தடம்.

பாயில் படுத்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. விளக்கை அணைத்தேன். தூங்கிவிட்டது என்றுதான் நினைத்தேன். இருட்டில் குரல் வந்தது.

“அக்கா.”

“ம்.”

“அது பாவம்க்கா. காலையில அத அதோட கடல்லயே வுட்டுரலாமா? நானும் வரேன்.”